எடித்துக்கு இருபத்திரண்டு வயது

குழந்தைக்குப் பெயர் முடிவாகிவிட்டது என்று என் தம்பியும் அவன் மனைவியும் வீடியோ காலில் சொன்ன அன்று, நான் டெக்சாஸில், காப்பெலில், என் வீட்டு டிஷ்வாஷரைக் காலி செய்துகொண்டிருந்தேன். அவர்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ரமோனில். பிறக்கப்போவது பெண் என்று ஸ்கேனில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. இருவரும் ஒரே சோஃபாவில் நெருக்கி உட்கார்ந்து, நீ சொல்லு, நீ சொல்லு என்று ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவள்தான் சொன்னாள்.

“எடித், அண்ணி. எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கே,” என்றேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்று என் கணவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நான் போனில் பொய் சொல்லிச் சம்பளம் வாங்கிய காலத்தில் அவர் என்னைப் பார்த்ததில்லை.

“ரொம்ப வின்டேஜ், அண்ணி. பழைய நேம்ஸ் எல்லாம் இப்போ திரும்ப வந்துட்டு இருக்கு. ஆனா இது இன்னும் காமன் ஆகல. கிளாஸ்ல நாலு எடித் இருக்க மாட்டாங்க,” என்றாள் தம்பி மனைவி. தம்பி தலையாட்டினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அதை நன்றாகச் செய்கிறான்.

பேசி முடித்த பிறகு எனக்கு எரிச்சலாக வந்தது. உலகத்தில் இத்தனை பெயர் இருக்க, என் தம்பி குழந்தைக்கு அதுதானா கிடைத்தது? தமிழ்ப் பெயர் வைக்கவில்லையே என்ற வருத்தம் இல்லை இது. அந்த வருத்தத்தைப் பார்த்துக்கொள்ளத் தம்பி மனைவியின் அம்மா இருக்கிறார். என் காரணம் வேறு. எடித் என்பது மூன்று வருடம் என் பெயராக இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி என்னைத் திட்டியதுபோல என் சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னைத் திட்டியதில்லை. வாங்கிக் கட்டிக்கொண்ட அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒரு பச்சைக் குழந்தைக்கு வைப்பது, எச்சில் இலையைத் திருப்பிப் போட்டுச் சோறு பரிமாறுவதுபோல எனக்குப் பட்டது. போதாததற்கு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, தொட்டிலில் போடும் நாளில் குழந்தையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. அதாவது நான்.

இது என் தம்பிக்குத் தெரியாது. அவன் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். நான் சேலத்திலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். ராத்திரி வேலை என்று சொன்னால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று பயந்து, அம்மா எல்லாரிடமும் நான் பேங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். நாளடைவில் அம்மாவே அதை நம்ப ஆரம்பித்து, பேங்க் விடுமுறை நாளில் ஏன் ஊருக்கு வரவில்லை என்று என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்.

நான் வேலை பார்த்தது ஒரு கால் சென்டரில். அமெரிக்காவில் யார் வீட்டிலாவது குழாயில் வெந்நீர் வரவில்லை என்றால் சென்னையில் எங்களுக்கு மணி அடிக்கும். வாட்டர் ஹீட்டர் விற்ற கம்பெனிக்காக நாங்கள் பேசினோம். எங்கள் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, வாடிக்கையாளர் மிரண்டுவிடுவாராம். பயிற்சி கொடுத்தவர் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு ஆங்கிலப் பெயர் வைத்தார். முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார், பிறகு ஒரு பெயர் சொல்வார். என்னைப் பார்த்து எடித் என்றார். தாம்பரத்திலிருந்து வந்த பெண்ணுக்கு மில்ட்ரெட். வந்தவாசிப் பையனுக்கு வால்டர். பின்வரிசையில் இரண்டு ஹாரால்டு.

நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் அவர் படித்த கான்வென்ட் பள்ளியின் சுவரில் வரிசையாகத் தொங்கிய முன்னாள் ஆசிரியைகளின் படங்களிலிருந்தும், மிஷன் ஆஸ்பத்திரி வார்டுகளின் பெயர்ப் பலகைகளிலிருந்தும் வந்தவை. அவரைப் பொறுத்தவரை மரியாதைப்பட்ட ஆங்கிலப் பெயர் என்றால் அவைதான். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. அங்கே இருந்த ஒருவர்கூட அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆங்கிலேயர்கள் பெயரில் பழசு, புதுசு என்று ஒன்று உண்டு என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அமெரிக்காக்காரன் ஒருவன் தன் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு அலமேலு, பங்கஜம், கனகவல்லி என்று பெயர் வைத்துச் சென்னைக்குப் போன் பேச விட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்திருக்கிறது நாங்கள் செய்தது.

அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கம்பெனி முழுக்க ஓய்வுபெற்ற கிழடுகளாக வேலைக்கு வைத்திருக்கிறது என்றுதான். ஒருவர் என்னிடம், அவசரமில்லை அம்மா, மெதுவாகத் தேடுங்கள் என்றார். இன்னொருவர் இந்த வயதிலும் உழைக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்காக வருத்தப்பட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு பெண்மணி மட்டும், தன் பெயரும் எடித்தான் என்றும், இன்னொரு எடித்திடம் பேசிப் பல காலம் ஆயிற்று என்றும் சொல்லி, ஹீட்டரை மறந்துவிட்டு மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். நீங்கள் எந்த யுத்தத்தில் இருந்தீர்கள் என்று வால்டரை ஒருவர் கேட்டார். எங்கள் வந்தவாசியிலும் ஒரு யுத்தம் நடந்ததுதான் என்று சொல்லியிருக்கலாமே என்று அவன் பிறகு கேன்டீனில் நொந்துகொண்டான்.

இதெல்லாம் பேச்சின் முதல் பாதி. ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லி ஆள் வராத மூன்றாம் நாள் அதே மனிதர் மறுபடி கூப்பிடுவார். குளிர்காலத்தில் வெந்நீர் இல்லாத மனிதனிடம் நாகரிகம் எவ்வளவு நேரம் தாங்கும்? திட்டு விழும். அந்தத் திட்டு பெயரில்தான் ஆரம்பிக்கும். கேள் எடித், உனக்கு அறிவிருக்கிறதா எடித், உன்னைப் போன்றவளை எடித், என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முறை. பெயரைச் சொல்லித் திட்டுவதில் ஏதோ ஒரு சுகம் இருக்கும்போல. நாங்கள் லைனை வெட்டக் கூடாது. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது என்று சொல்ல வேண்டும். குரலில் ஒன்றும் தெரியக் கூடாது. நான் சொல்வேன், பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

மில்ட்ரெட் ஆறுதல் சொல்வாள். “லூசு, உன்னையா திட்டுனான்? எடித்தத்தானே திட்டுனான்? உனக்கு என்ன வந்துச்சு?”

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. வருகிற வசவையெல்லாம் எடித் வாங்கிக்கொள்வாள், நான் ஷேர் ஆட்டோ பிடித்து ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன். ஆனால் வசவு காதுக்குள் வரும்போது அது எந்தப் பெயருக்கு வந்தது என்று வயிறு பார்ப்பதில்லை. இன்றைக்கும் யாராவது உரக்க எடித் என்று சொன்னால், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது என்று சொல்ல என் வாய் தயாராகிவிடும். அது போகவே இல்லை.

கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தேன். தெருவுக்குத் தெரு எடித்தும் மில்ட்ரெட்டும் நடமாடுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தேன் என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. ஒருத்தியும் இல்லை. என் அலுவலகத்திலும் இல்லை, அக்கம்பக்கத்திலும் இல்லை. ஒரு நாள் கண் டாக்டரிடம் காத்திருந்தபோது நர்ஸ் வெளியே வந்து எடித் என்று கூப்பிட்டாள். நான் பாதி எழுந்துவிட்டேன். எதிர் நாற்காலியிலிருந்து ஒரு அம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். நாங்கள் இருவரும் அரைகுறையாக நின்றபடி ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் பையில் எதையோ தேடுவதுபோல உட்கார்ந்துகொண்டேன். எங்கள் பயிற்சியாளர் செய்த காரியம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அதன் பிறகு ஊர் நூலகத்தில் பெயர்களைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று நினைத்து நூலகத்துப் பெண் வாழ்த்துச் சொன்னாள். எடித் என்பது மிகப் பழைய ஆங்கிலப் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே இருந்தது. முன்பாதிக்குச் செல்வம் என்று அர்த்தம், பின்பாதிக்குப் போர். செல்வத்தையும் போரையும் ஏன் ஒரு பெண் குழந்தையின் தலையில் கட்டினார்கள் என்று புத்தகம் விளக்கவில்லை. அந்தக் காலத்தில் பெயரின் இரண்டு பாதிக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையாம். நல்ல சொல்லாக இருந்தால் போதுமாம். ராஜ வீட்டுப் பெண்கள் வைத்துக்கொண்டார்கள், புனிதை ஒருத்தி இருந்தாள். புதிய அரசர்களோடு புதிய பெயர்கள் வந்து பழைய ஆங்கிலப் பெயர்களில் பெரும்பாலானவை காணாமல் போயின. எடித் மட்டும் எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பல நூறு வருடம் கழித்துப் பழைய காலத்தின் மேல் அங்கே ஒரு மோகம் வந்தபோது தூசி தட்டி எடுத்தார்கள். கப்பலேறி அமெரிக்காவுக்கும் வந்தது. ஒரு கட்டத்தில் வீட்டுக்கு வீடு எடித். பிறகு அந்த எடித்துகள் எல்லாம் அம்மாவாகி, அத்தையாகி, கிழவியாக, பெயரும் அவர்களோடு கிழடு தட்டிவிட்டது.

இதில் ஒரு கணக்கு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இங்கே அம்மா பெயர் சலித்த பெயர், பாட்டி பெயர் கிழட்டுப் பெயர். கொள்ளுப் பாட்டி பெயரை உயிரோடு இருக்கும் யாரும் சுமப்பதில்லை என்பதால் அது மறுபடி அழகாகத் தெரிகிறது. நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது கடமை. அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இவர்களுக்குக் கடமை இல்லை, ஆசைதான். ஆசைக்கு இன்னும் கொஞ்சம் காலம் பிடிக்கிறது. நம் ஊரிலும் இப்போது கடமை போய் ஆசை வந்துவிட்டது. எப்படியும் ஒரு நாள் டல்லாஸில் ஏதோ ஒரு குழந்தை பங்கஜம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், அதன் அம்மா எல்லாரிடமும் வின்டேஜ் என்பாள்.

டெக்சாஸுக்கு வீடு மாறி வந்த பிறகு, சில வருடங்களுக்கு முன்னால், பார்க்கில் நடந்துகொண்டிருந்தேன். எடித் என்று ஒரு பெண் கத்தினாள். வாக்கரை எதிர்பார்த்துத் திரும்பினேன். மழைக்கால பூட்ஸும் டயப்பருமாக ஒரு வாண்டு சேற்றிலிருந்து எழுந்து ஓடியது. சரி, திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அது யார் வீட்டுக் குழந்தையோ என்பதால் எனக்கு ஒன்றும் இல்லை. இப்போது அவள் என் வீட்டுக்கே வருகிறாள்.

பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நான் சான் ரமோனுக்குப் போனேன். தம்பி மனைவியின் அம்மா எனக்கு முன்பே நியூ ஜெர்சியிலிருந்து வந்து சமையலறையைப் பிடித்திருந்தார். நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். பெண்ணை இங்கேயே பெற்று இங்கேயே வளர்த்தவர். ஏர்போர்ட்டிலிருந்து வந்து பெட்டியை வைத்ததும் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதானே அத்தை? உங்க வாயாலதானே பேர் சொல்லணும்? ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் பண்றதுக்குள்ள பேர் கேப்பாங்க. அதுக்குள்ள எப்படியாவது மாத்திடுங்க.”

“அவங்க டிசைட் பண்ணிட்டாங்களே ஆன்ட்டி.”

“சரி, அப்போ ஒண்ணு பண்ணுங்க. பேப்பர்ல எதையாவது எழுதிக்கட்டும். காதுல சொல்றப்போ நீங்க வேற நல்ல பேரா சொல்லிடுங்க. என்ன சொன்னீங்கன்னு யாருக்குத் தெரியப்போகுது?”

ஆன்ட்டியின் தைரியத்தை நான் உள்ளூர ரசித்தேன். எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது.

ஆன்ட்டியும் தம்பியும் மளிகை வாங்கப் போயிருந்த ஒரு மதியம், நானும் தம்பி மனைவியும் துவைத்த குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். கால் வீங்கி, அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஏன் இந்தப் பெயர் என்று சாதாரணமாகக் கேட்டேன்.

“என் பேருல எவ்ளோ லெட்டர்ஸ் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே, அண்ணி. ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் டே டீச்சர் ரோல் கால் எடுப்பாங்க. எல்லார் பேரும் கடகடன்னு போகும். திடீர்னு ஒரு பாஸ் வரும், டீச்சர் அப்படியே நின்னுடுவாங்க. அந்த பாஸ் வந்தாலே அது நான்தான்னு தெரிஞ்சுடும். அவங்க பேர சொல்றதுக்கு முன்னாடியே நான் ஹியர்னு சொல்லிடுவேன். என் டாட்டருக்கு அந்த பாஸ் வேண்டாம். அவ்ளோதான்.”

அவளிடம் எனக்கு இருந்த எரிச்சல் அந்தக் கணத்தோடு போய்விட்டது. பெயருக்கு முன்னால் வருகிற மௌனத்துக்குப் பயந்து அவள் ஓடுகிறாள், பெயருக்குப் பின்னால் வந்த சத்தத்துக்குப் பயந்து நான் ஓடுகிறேன். ஆனால் என் பயம் மட்டும் போகவில்லை. எனவே சொல்லிவிட்டேன். கால் சென்டர், பயிற்சியாளர், வால்டர், வெந்நீர், எல்லாம்.

முதலில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மில்ட்ரெட்டைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“வெயிட், அண்ணி. உங்கள என்ன சொல்லித் திட்டுவாங்க?”

நினைவில் இருந்த இரண்டு மூன்றைச் சொன்னேன். அவற்றில் பாதிக்கு அந்தக் காலத்தில் எனக்கு அர்த்தமே தெரியாது. நியூ ஜெர்சிக்கு வந்து டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தபோது அதையெல்லாம் இன்னொரு முறை வாங்கியதுபோல இருந்தது. இவளுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒவ்வொன்றும் என் வாயிலிருந்து வந்த உடனே அவளுக்கு முழுசாகப் புரிந்தது. முகம் மாறிக்கொண்டே வந்தது. கையில் இருந்த குட்டிச் சட்டையை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்தது, பெயர் மாறிவிடும் என்று நான் நினைத்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மறுநாள் காலை தம்பி எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தான். அவன் காபி போட்டு நான் பார்த்ததே இல்லை. சர்க்கரைப் பாகு மாதிரி இருந்தது.

“அக்கா, நீ பேங்க்லதானே வேல பாத்த?”

“அம்மா சொன்னது அது.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்குச் சங்கடமாக இருந்ததால் காபியை முழுசாகக் குடித்துத் தொலைத்தேன். அதற்குள் அவன் மனைவி அறையிலிருந்து மெல்ல நடந்து வந்தாள்.

“அண்ணி, நாங்க நைட் பேசிட்டோம். எடித்தான். ஆனா இப்போ ரீசன் வேற. இப்போ அது உங்க பேரு. அத்தை பேர வெக்கிறோம்.”

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. “அது என் பேரு இல்ல. எங்கப்பா எனக்கு வெச்ச பேரு இருக்கு. உனக்கு அத்தை பேர வெக்கணும்னா அத வை.”

“த்ரீ இயர்ஸ் எடித்னு யாராவது கூப்டா யாரு ஆன்சர் பண்ணது?”

“நான்தான்.”

“அப்புறம் அது யார் பேரு?”

இங்கே பிறந்த பிள்ளைகள் இப்படித்தான், எல்லாவற்றையும் கோர்ட்டில் நிறுத்திக் கேட்பார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிற ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வேண்டாம் என்று சொல்லப் போய், வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணத்தையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி வந்தபோது ஆன்ட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“நீங்க நிறுத்துவீங்கன்னு பாத்தா, நீங்களே பேரு குடுத்துட்டு வந்து நிக்கறீங்களேம்மா.”

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், எடித் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு நல்ல நாளில் வீட்டு ஹாலில் ஒரு கைத்தொட்டிலை மாலையால் சுற்றி வைத்து, பத்துப் பேரைக் கூப்பிட்டு, சின்னதாகப் பெயர் சூட்டினார்கள். ஆன்ட்டி எனக்கு நேர் எதிரே நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்தேன். குழந்தையின் காது பூனைக்குட்டிக் காது மாதிரி இருந்தது. அந்தப் பெயரை நான் ஆயிரக்கணக்கான தடவை சொல்லியிருக்கிறேன், ஆனால் எப்போதும் ஒரே வாக்கியத்துக்குள்தான்: வணக்கம், நான் எடித் பேசுகிறேன், உங்களுக்கு என்ன உதவி வேண்டும். தனியாகச் சொன்னதே இல்லை. மூன்று முறை சொன்னேன், வேறு எதையும் சொல்லவில்லை. ஆன்ட்டி பெருமூச்சு விட்டார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். சரியாகவில்லை. நான் குழந்தையைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டேன். தம்பி கொஞ்சலாக எடித்துக்குட்டி என்று இழுக்கும்போதுகூட நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். இன்றைக்குக் கொஞ்சுகிறார்கள், நாளைக்கு நடக்க ஆரம்பித்து எதையாவது உடைத்தால் என்ன நடக்கும்? அதட்டுவார்கள். அதட்டத்தானே வேண்டும், பெற்றவர்கள். அந்தப் பெயரும் அந்தக் கத்தலும் மறுபடி ஒன்றாக என் காதில் விழும். அப்படி விழும் நாளில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. காப்பெலுக்குத் திரும்பி வந்த பிறகும் அது விடவில்லை.

போன மாதம் அந்த நாள் வந்தது. குழந்தை இப்போது ஓடுகிறாள். சனிக்கிழமை மதியம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். தம்பி மனைவி போனை டைனிங் டேபிளில் எதையோ வைத்துச் சாய்த்து நிறுத்தியிருந்தாள். பின்னால் அவளுடைய ஆபீஸ் லேப்டாப் திறந்தபடி இருந்தது. பாப்பா நாற்காலியில் ஏறி, தன் கிண்ணத்துப் பாலை நிதானமாக, சிந்தாமல், கீபோர்டில் ஊற்றினாள். நான் சொல்வதற்குள் முடிந்துவிட்டது. தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. மூச்சை இழுத்தாள். எனக்கு எது வரப்போகிறது என்று தெரிந்தது. என் கை தானாகவே போனின் சத்தத்தைக் குறைக்கப் போயிற்று.

“எ—” என்று உரக்க ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது. விழுங்கிக்கொண்டு, ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு, குழந்தையிடம் திரும்பினாள். “கழுதை! அறிவுகெட்ட கழுதை! அது அம்மாவோட ஆபீஸ் லேப்டாப்!”

கழுதை கைதட்டிச் சிரித்தது. துணியைத் தேடி எடுத்துப் பாலைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“சாரி அண்ணி, வந்துடுச்சு. ஆல்மோஸ்ட்.”

“எதுக்கு சாரி?”

“எங்கம்மா ரூல் போட்டிருக்காங்க. பெரியவங்க பேர குழந்தைக்கு வெச்சா, அந்தப் பேர சொல்லித் திட்டவே கூடாதாம். திட்டினா அது அந்தப் பெரியவங்களத் திட்டின மாதிரியாம். எங்க தாத்தா பேரு எங்க அண்ணனுக்கு. லைஃப் லாங் அவன ‘டேய் தம்பி’ன்னுதான் திட்டியிருக்காங்க. சோ நம்ம வீட்ல அவள என்ன வேணா சொல்லலாம், எடித்னு மட்டும் கத்தக் கூடாது. டேகேர்லகூட சொல்லி வெச்சுட்டேன். அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க, பரவால்ல.”

அந்த வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அது எனக்கும் பொருந்தும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கத்த வாயெடுத்துவிட்டு, எனக்காக நிறுத்திக்கொண்ட ஒருத்தியை நான் முதல் முறையாகப் பார்க்கிறேன். அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காமல் இருக்க வீடியோவை அணைத்தேன்.

“அண்ணி? ஸ்கிரீன் பிளாக் ஆயிடுச்சு. லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றேன். “நீ திட்டு. நல்லாத் திட்டு. பேர மட்டும் விட்டுடு.”